பிள்ளைகள் மூன்று பதில் சொன்னால், அப்பாவின் பதில் எது?

இனி எந்த மருத்துவமும் பலன் தராது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட பிறகு, உயிர்தாங்கு கருவிகளைத் தொடர்வதா, விலக்குவதா? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழியைக் காட்டியது. 2023இல் அந்த வழியை எளிதாக்கியது. 2025 ஜனவரியில் கர்நாடக அரசு அதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால், மூத்த மகன் ‘போதும்’ என்றும், மகள் ‘விடமாட்டேன்’ என்றும் நிற்கும் வீட்டில் என்ன செய்வது? மதுரைக்கும் அதைச் சுற்றிய கரிசல் ஊர்களுக்கும் இந்தக் கேள்வி கூடுதல் கனமானது. சட்டம் பேசத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, இந்த முடிவைச் சில வீடுகள் தாங்களாகவே எடுத்துவந்த மண் இது.

வராந்தாவில் உடையும் குடும்பங்கள்

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றுவட்டார மக்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் என்று பல திசைகளிலிருந்தும் முடியாதவர்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். வசதியுள்ளவர்களும், கடன் வாங்க முடிந்தவர்களும் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். எங்கே போனாலும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒருநாள் அந்தப் பேச்சு வருகிறது: “வென்டிலேட்டரில்தான் இருக்கிறார். நீங்கள் கலந்து பேசிச் சொல்லுங்கள்.”

பல குடும்பங்களால் முடியாமல் போவது அந்தக் கலந்து பேசுதல்தான். சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும் மகன், “எவ்வளவு செலவானாலும் பார்ப்போம்” என்கிறார். நகையை அடகு வைத்து வாங்கிய பணம் தீர்ந்துவிட்டது என்பது உள்ளூரில் இருக்கும் மகனுக்குத்தான் தெரியும். “உசிரு ஊசலாடுது, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாலை ஊத்துங்கப்பா” என்கிறார் தாய்மாமன். “எங்கப்பாவை நான் விடமாட்டேன்” என்று அழுகிறார் மகள். இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தவருக்கு எல்லாம் செய்த மருமகளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கடைசியில் இரண்டில் ஒன்று நடக்கிறது. யாரும் பழியை ஏற்க விரும்பாததால், பலன் தராத சிகிச்சை வாரக்கணக்கில் நீள்கிறது. அல்லது, குரல் ஓங்கியவர் வெல்கிறார்: “மருத்துவர் ஆலோசனையை மீறி எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்” என்று கையெழுத்துப் போட்டு, மூச்சுப்பையை அழுத்தியபடி ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பயணத்தில் பெரியவருக்கு வலி குறைய மருந்து உண்டா, மூச்சுத் திணறினால் பார்க்க ஆள் உண்டா என்று கேட்பவர் யாருமில்லை.

ஊருக்குத் திரும்பியபின் குடும்பம் இரண்டாகிறது. ‘நீதான் கொன்னே’ என்ற சொல் ஒரு முறை வாயிலிருந்து விழுந்துவிட்டால், அது பங்கு பிரிக்கும்போதும் பேரன் கல்யாணத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சாவு, உடன்பிறந்தவர்களின் உறவையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மருந்து செலுத்தி உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். நோயாளியே கேட்டாலும் குற்றம்தான். நெதர்லாந்து 2002 முதல் அதை நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. இந்தியச் சட்டம் அனுமதிப்பது வேறு: மீள வழியில்லாத நோயாளிக்கு, பலன் தராத உயிர்தாங்கு சிகிச்சையை நிறுத்தி, மரணம் இயல்பாக வர விடுவது.

2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை ஏற்றது. கண்ணியத்துடன் இறப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அது சொன்னது. நல்ல மனநிலையில் இருக்கும் வயதுவந்த எவரும், தனக்கு அப்படியொரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இதை முன்விருப்ப ஆவணம் என்று சொல்லலாம்.

அன்று விதித்த நடைமுறை கடினமாக இருந்தது. நீதித்துறை நடுவர் முன்னிலையில் கையொப்பம் வேண்டும் என்றால் யார் போவார்கள்? 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம்.ஜோசப் தலைமையிலான அமர்வு அதைத் தளர்த்தியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போதும். முடிவெடுக்க வேண்டிய நிலை வரும்போது, மருத்துவமனையின் மூன்று மருத்துவர்கள் கொண்ட முதல் குழு பார்க்கும். இரண்டாவது குழுவும் அதை உறுதிசெய்ய வேண்டும். அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு நடுவர் மன்றத்துக்குத் தகவல் தெரிவித்துவிட்டுச் சிகிச்சையை விலக்கலாம்.

எழுதி வைக்காதவர்களுக்கு? அவர்களுக்கும் இதே இரண்டு குழுக்கள்தான். கூடவே நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நெருங்கிய உறவினர் என்றால் யார்? மனைவியா, மூத்த மகனா, கூட இருந்து பார்த்த மகளா? நால்வர் இருந்து இருவர் மறுத்தால்? மருத்துவர் குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால், ஒரே வீட்டுக்குள் கருத்து பிரிந்தால் யார் சொல் முதலில் நிற்கும் என்ற வரிசையை நம் சட்டம் வகுக்கவில்லை.

மூன்று படுக்கைகள், ஒரே கேள்வி

இந்தியாவில் கருணைக்கொலை விவாதத்தின் முக்கியமான வழக்கு ஒன்றும், யார் சொல் நிற்கும் என்ற இந்தக் கேள்வியைச் சந்தித்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். பல்லாண்டுகள் கழித்து, அவரைப் பற்றி நூல் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, இந்த வேதனை முடிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். அருணாவைப் பல தலைமுறைகளாகக் குளிப்பாட்டி, ஊட்டிவந்த செவிலியர்கள் கூடாது என்றார்கள்.

2011 மார்ச் 7 அன்று வந்த தீர்ப்பு, அருணாவுக்காகப் பேசும் தகுதி கே.இ.எம். ஊழியர்களுக்கே என்றது. தினமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டவர்களின் சொல்லுக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. 2015 மே 18 அன்று நிமோனியாவில் அருணா இறந்தார். 41 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் படுக்கையில் இருந்த அவர் என்ன விரும்பினார் என்பதை மட்டும் எவராலும் அறிய முடியவில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டெரி ஷைவோ 1990இல் 26 வயதில் மயங்கி விழுந்து, பிறகு நினைவு திரும்பவேயில்லை. ‘இப்படிக் கிடக்க விரும்பமாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்’ என்றார் கணவர். ‘எங்கள் மகள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்’ என்றார்கள் பெற்றோர். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. நாடாளுமன்றமும் அதிபரும்கூடத் தலையிட்டார்கள். உணவுக்குழாய் கடைசியாக அகற்றப்பட்டு, 2005 மார்ச் 31 அன்று அவர் இறந்தார்.

பிரான்சில் வின்சென்ட் லம்பேர் 2008இல் விபத்தில் சிக்கினார். மனைவி ஒரு பக்கம், பெற்றோர் மறுபக்கம். உடன்பிறந்தவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2019 ஜூலை 11 அன்று அவருடைய மரணத்தில் முடிந்தது. அவரே ஒரு செவிலியர், ஆனாலும் எழுதிவைக்கவில்லை. டெரியும் எழுதிவைக்கவில்லை. வளர்ந்த சட்டமும் வசதியான மருத்துவமனையும் இருந்த நாடுகளிலேயே, ஒரு தாள் இல்லாததால் குடும்பங்கள் இப்படிச் சிதைந்தன.

தலைக்கூத்தல் தரும் எச்சரிக்கை

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் தாண்டி விருதுநகர் வரை விரியும் கரிசல் காட்டில், படுக்கையில் விழுந்த முதியவர்களுக்குத் ‘தலைக்கூத்தல்’ செய்யும் வழக்கம் இருந்துவந்தது. அதிகாலையில் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பார்கள். உடல் தாங்காமல் ஓரிரு நாளில் உயிர் பிரியும். ஊர் அதைக் கொலை என்று சொல்லாது. ‘கஷ்டப்படாமப் போய்ச் சேர்ந்துட்டாரு’ என்று சொல்லும்.

2010இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர், தனக்குத் தலைக்கூத்தல் செய்யத் திட்டம் நடப்பதை அறிந்து வீட்டைவிட்டு ஓடி, வேறொரு உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். அவருக்கு வயது 80. தன் நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்று வீட்டார் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. இந்த வழக்கம் வெளியுலகத்தின் கவனத்துக்கு வந்தது அப்போதுதான். ‘கே.டி. (எ) கருப்புதுரை’, ‘பாரம்’, ‘தலைக்கூத்தல்’ என்று தமிழ்த் திரைப்படங்களும் இதைப் பேசின. அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் துடிக்கும் மகனுக்கும், போதும் என்று சொல்லும் சுற்றத்துக்கும் இடையிலான போராட்டம்தான் 2023இல் வந்த ‘தலைக்கூத்தல்’ படத்தின் கதை.

இந்த வழக்கத்தை வறுமையின் பெயரால் மன்னித்துவிட முடியாது. கவனிக்க ஆள் இல்லாததும், மருந்து வாங்கப் பணம் இல்லாததும், கூலி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாததும் உண்மைதான். ஆனால், படுத்திருப்பவரின் சம்மதம் கேட்கப்படவில்லை. மறுப்புச் சொன்ன மகளோ மகனோ ஊர்ப் பேச்சுக்கு முன்னால் ஒடுங்கிப்போனார்கள். குடும்பத்தின் கருத்து என்ற பெயரில் நடந்தது, வலுத்தவரின் முடிவு.

தானே தேர்ந்த மரணத்தையும், பிறர் தேர்ந்து கொடுத்த மரணத்தையும் தமிழர்கள் அன்றே வேறுபடுத்தி அறிந்தவர்கள். பிள்ளைகளோடு பகை மூண்டபின் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர் துறந்தான் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. பாண்டிய நாட்டிலிருந்து வந்த நண்பர் பிசிராந்தையார் உடன் அமர்ந்தார். அந்த முடிவு அவனுடையது. அவனுக்காக வேறு எவரும் எடுத்ததல்ல. இன்றைக்கு நாம் காக்க வேண்டிய எல்லைக்கோடு அதுதான்.

ஏன் ஒத்துப்போவதில்லை?

எதிர்ப்பவர் எல்லாம் பாசக்காரர், விலக்கச் சொல்பவர் எல்லாம் சொத்துக்கு அலைபவர் என்று நினைப்பது பெரிய அநியாயம். பல நேரங்களில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. தொலைவில் இருந்த பிள்ளைக்குக் குற்றவுணர்வு. இத்தனை நாள் செய்யத் தவறியதை இப்போது பணத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார். அருகில் இருந்தவர் அப்பாவின் வேதனையை இரவுபகலாகப் பார்த்தவர். அவர் ‘போதும்’ என்பது பாசத்தின் சொல்லாகவும் இருக்கலாம், களைப்பின் சொல்லாகவும் இருக்கலாம்.

சிலருக்கு நம்பிக்கை சார்ந்த தயக்கம் உண்டு. உயிரைக் கொடுத்தவனே எடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். சிலருக்கு ஊர்வாய் பயம். இன்னும் சிலர் மருத்துவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கண் திறந்து பார்க்கிறாரே, விரல் அசைகிறதே, பிழைத்துவிடுவார் என்று நம்புகிறார்கள். இவர்களில் ஒருவரும் குற்றவாளி இல்லை.

இவர்களுக்கு நடுவே, நிலப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும்வரை உயிர் இருக்க வேண்டும் என்று நினைப்பவரும் இருக்கலாம். சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று நினைப்பவரும் இருக்கலாம். மருத்துவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான், யார் சத்தமாகப் பேசுகிறார், யார் பணம் கட்டுகிறார் என்பதை வைத்து முடிவு எடுக்கப்படக் கூடாது.

உறவுகள் சாட்சிகள்

‘உங்கள் முடிவு என்ன?’ என்று பிள்ளைகளைக் கேட்பதே தவறான கேள்வி. அந்தக் கேள்வி, அப்பாவின் உயிரைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து ஓட்டெடுப்பு நடத்துகிறது. கேட்க வேண்டியது: ‘இப்போது பேச முடிந்தால் அவர் என்ன சொல்வார்? பக்கத்து வீட்டுக்காரர் வென்டிலேட்டரில் கிடந்தபோது என்ன சொன்னார்? வலியைப் பற்றி, பிறர் கையை எதிர்பார்ப்பதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறாரா? எது இருந்தால் வாழ்க்கை என்று நினைத்தார்?’

இப்படிக் கேட்டால் பிள்ளைகள் நீதிபதி இடத்திலிருந்து இறங்கிச் சாட்சி இடத்துக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அப்பாவின் ஒவ்வொரு பேச்சு நினைவுக்கு வருகிறது. மருமகளும் பேசலாம், பேரனும் பேசலாம், தினமும் டீக்கடையில் கூட உட்கார்ந்த நண்பரும் பேசலாம். முடிவின் பாரம் ஒருவர் தலையில் ஏறுவதில்லை. பிற்பாடு ‘நீதான் கொன்னே’ என்று சொல்லவும் இடமில்லை.

அப்படிக் கேட்டும் விடை கிடைக்காவிட்டால்? அப்போது அவசரப்படாமல் இருப்பதே அறம். நிறுத்திய சிகிச்சையால் போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சில நாள் கூடுதலாகத் தொடர்ந்த சிகிச்சையைப் பிறகும் விலக்கலாம். ஆனால், அந்த அவகாசம் வலியில்லாத அவகாசமாக இருக்க வேண்டும். முடிவில்லாமல் நீளவும் கூடாது.

செய்ய வேண்டியவை

ஒன்று: தமிழ்நாடு அரசு, 2023 தீர்ப்பை ஒவ்வொரு மருத்துவமனையும் எப்படிச் செயல்படுத்த வேண்டும் என்று எளிய தமிழில் அரசாணை வெளியிட வேண்டும். இரண்டாவது குழுவுக்கான மருத்துவர்களின் பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்திலும் தயாராக இருக்க வேண்டும். நள்ளிரவில் வராந்தாவில் நிற்கும் குடும்பத்திடம், ‘அதற்கு ஆள் இல்லை’ என்ற பதில் வரக் கூடாது.

இரண்டு: முன்விருப்ப ஆவணத்தைப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்பில் பொறுப்பு அலுவலர் வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது. மதுரை மாநகராட்சியின் ஐந்து மண்டல அலுவலகங்களிலும், ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களிலும் அப்படி ஒருவர் யார் என்று பலகையில் எழுதிவைக்க வேண்டும். தமிழில் அச்சிட்ட மாதிரிப் படிவம் அங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

மூன்று: உறவினர்கள் மாறுபட்டால், மருத்துவமனை அவர்களை வராந்தாவில் நிற்கவைத்துப் பேசாமல், ஓர் அறையில் உட்காரவைத்துப் பேச வேண்டும். சிகிச்சையளிக்கும் மருத்துவர், வலிநிவாரண மருத்துவர், சமூகப் பணியாளர் மூவரும் இருக்க வேண்டும். ‘இன்னும் ஐந்து நாள் முயல்வோம், இந்த மாற்றம் வராவிட்டால் மீண்டும் பேசுவோம்’ என்று நாள் குறித்துப் பேசினால், எதிர்ப்பவருக்கும் மனம் ஒப்பும். பேசியது எழுத்தில் பதிவாக வேண்டும்.

நான்கு: அப்படியும் தீராத வழக்குகளுக்கு, உயர் நீதிமன்ற மதுரை அமர்வு விரைந்து கேட்கும் ஏற்பாடு வேண்டும். 2004இல் இந்த அமர்வு தொடங்கப்பட்டதால், தென் மாவட்ட மக்கள் இதற்காகச் சென்னை வரை அலைய வேண்டியதில்லை. ஆனால், வாரக்கணக்கில் தள்ளிப்போனால் அந்த வசதிக்குப் பொருளில்லை.

ஐந்து: வலியைத் தணிக்கும் சிகிச்சை வீடுவரை போக வேண்டும். கேரளம் 2008இலேயே இதற்குக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளையும் தன்னார்வலர்களையும் இணைத்தது. நம்மிடம் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. அந்தத் திட்டத்தின் ஊழியர்கள் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும்போது, பார்த்துக்கொள்பவரின் நிலையையும் கேட்க வேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் அரசு மருத்துவமனைகளில் சில படுக்கைகளை ஒதுக்கி, பெரியவரை ஒரு வாரம் வைத்துக்கொண்டால், அந்த மருமகள் ஒரு வாரம் தூங்குவார். தலைக்கூத்தலைத் தடுக்கும் வலிமை, வழக்குப் பதிவதைவிட இந்த ஓய்வுக்கு அதிகம்.

ஆறு: சொத்துப் பேச்சையும் சிகிச்சைப் பேச்சையும் பிரிக்க வேண்டும். முதியவர் நினைவின்றி இருக்கும் நாட்களில் கைநாட்டு வாங்குவதை ஊர்ப் பெரியவர்கள் அனுமதிக்கக் கூடாது. எழுதிக்கொடுத்தபின் கைவிடப்பட்டவர்கள் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு கொடுத்த தானப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும். தனக்கோ அண்டை வீட்டு முதியவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

இந்த வாரமே பேசுங்கள்

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. அறுபது தாண்டியவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்: எந்த நிலைவரை வைத்தியம் பார்க்க வேண்டும், எதற்குமேல் வேண்டாம், கடைசி நாட்கள் வீட்டிலா, மருத்துவமனையிலா, என் சார்பில் யார் பேச வேண்டும். ஒருவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையை மற்றவர்கள் நம்பமாட்டார்கள். தன் சார்பில் பேச ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதவும் சட்டம் இடம் தருகிறது. எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பப் பெறலாம். ‘கடைசிவரை எல்லா வைத்தியமும் செய்யுங்கள்’ என்று எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பிள்ளைகளே, ‘இப்ப எதுக்குப்பா இந்தப் பேச்சு, நல்லாத்தானே இருக்கீங்க’ என்று அவர்கள் வாயை அடைக்காதீர்கள். பெற்றவர்கள் நிலத்துக்கு உயில் எழுதுகிறார்கள், நகையை யாருக்கு என்று சொல்லிவைக்கிறார்கள். தங்கள் உயிரைப் பற்றியும் அவர்களே சொல்லட்டும். அதைக் கேட்டு, எழுதி, நான்கு பேர் அறியக் கையெழுத்து வாங்கி வைப்பது பிள்ளைகளின் கடமை.